இழுத்த கை

விமானத்தின் சக்கரம் தரையை விட்டதும் பூமிநாதனுக்கு முதலில் வந்த கவலை, லாட்ஜ் அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தோமா இல்லையா என்பதுதான். பத்தாயிரம் அடிக்கு ஏறிப்போய் வெறும் காற்றில் குதிக்கப் போகிற மனுஷனுக்குக் கவலைப்பட வேறு விஷயமா இல்லை? ஆனாலும் மனசு ஃபேனைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. கதவைப் பூட்டியது ஞாபகம் இருக்கிறது. சாவியைக் கீழே கொடுத்தது, வாங்கினவர் கொட்டாவி விட்டது, அவர் வாயில் இருந்த வெள்ளிப் பல் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஃபேன் மட்டும் இல்லை. நிறுத்தியிருப்போம், கை அதுபாட்டுக்கு நிறுத்தியிருக்கும், இருபது வருஷமாக ஸ்விட்சும் பொத்தானுமாகப் புழங்கின லிஃப்ட் மெக்கானிக் கை, நம்மைக் கேட்டுக்கொண்டா நிறுத்தும், என்று சமாதானம் சொல்லிப் பார்த்தான். அந்தச் சமாதானமே அடுத்த நிமிஷம் திரும்பி அவனைக் குத்தியது. கை அதுபாட்டுக்குச் செய்யுமா? செய்யும் என்றால் போன சனிக்கிழமை, நாலாவது குதியில், அது செய்ததா? செய்திருந்தால் அதுபற்றி அவனுக்கு ஏன் ஒரு எழவும் ஞாபகம் இல்லை?

சின்ன விமானம். இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரையில் ரப்பர் விரித்திருந்தார்கள். ஓட்டுகிறவர் ஒருத்தர், அவர் முதுகுக்கு முதுகு கொடுத்துக் காலை நீட்டிக்கொண்டு பூமிநாதன், அவன் முழங்காலை இடித்தபடி அவனுக்குக் குதிக்கக் கற்றுக்கொடுக்கும் ஜெசிந்தா. அவ்வளவுதான் ஆட்கள். அவனுக்கு நாற்பத்து நாலு, அவளுக்கு முப்பதோ முப்பத்தொன்றோ. தூத்துக்குடிக்காரி. வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு வந்து, கள்ளக்குறிச்சிப் பக்கம் பழைய போர்க்கால ஓடுதளத்தில் நடக்கிற இந்தப் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவனை அண்ணாச்சி என்பாள். பேரைக் கேட்ட முதல் நாளே, "பூமிநாதனா? அப்ப நீங்க எப்படியும் பூமிக்குத்தான் வந்து சேருவீங்க, பயப்படாதீங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பெல்லாம் வகுப்பு தொடங்கும் வரைதான். பூமிநாதன் கையைத் தூக்க ஆரம்பித்ததும் கூட இருந்த மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். முதுகுப் பையின் வார் எத்தனை கிலோ தாங்கும்? யார் சோதித்தது? எப்போது சோதித்தது? குடை விரியாவிட்டால்? ரெண்டாவது குடை இருக்கு அண்ணாச்சி. அதுவும் விரியாவிட்டால்? அதுவும் விரியலைன்னா அதுக்கு மேல கேள்வி கேக்க ஆள் இருக்க மாட்டாங்க அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், சிரித்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டான். ஆள் மயங்கிப்போனால் உயரத்தைப் பார்த்துத் தானே குடையை விரிக்கும் பெட்டி ஒன்று பைக்குள் இருக்கிறது என்றாளே, அது விரித்ததா, ஆள் விரித்ததா என்று பிறகு எப்படித் தெரியும்? அவள் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "பெட்டி விரிச்சா ரெண்டாவது குடைதான் வரும். பெரிய குடை வந்துச்சுன்னா யாரோ கை வச்சு இழுத்திருக்காங்கன்னு அர்த்தம்." யாரோ. அந்த ஒரு வார்த்தையை அவன் அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டான், எதற்கென்று தெரியாமலேயே.

நாலாவது குதியில் வந்தது பெரிய குடைதான். அதில் சந்தேகமில்லை. அப்படியானால் யாரோ கை வைத்து இழுத்திருக்கிறார்கள், அந்த யாரோ யார்? வலது இடுப்பில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பிடி இருக்கிறது. அதை இழுத்தால் கம்பியோடு மொத்தமாக உருவிக்கொண்டு கையில் வந்துவிடும், முதுகில் குடை விரியும். ஐயாயிரத்து ஐந்நூறு அடியில் மாணவன் இழுக்க வேண்டும். இழுக்காமல் நாலாயிரத்து ஐந்நூறு வரை விழுந்தால், பக்கத்தில் அவன் வாரைப் பிடித்தபடி விழுகிற ஜெசிந்தா எட்டி அதே பிடியை இழுப்பாள். ஆக, பிடி எப்படியும் இடுப்பில் இருக்காது. உருவின பிடியைக் கையிலேயே வைத்திருந்து பத்திரமாகக் கீழே கொண்டுவர வேண்டும். காற்றில் தவற விட்டவன் கூடத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் பஜ்ஜி வாங்கித் தரவேண்டும் என்பது அங்கே வழக்கம். புதுசாக வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் தவற விடுவார்கள், அதனால் நெடுஞ்சாலைக் கடைக்காரர் சனிக்கிழமையென்றால் வாழைக்காயைக் கூடுதலாகச் சீவி வைத்திருப்பார். போன சனிக்கிழமை பூமிநாதன் வெறுங்கையோடு வந்து இறங்கினான். ஜெசிந்தா ஓடி வந்து, "பிடி எங்க அண்ணாச்சி? காத்துல விட்டுட்டீங்களா? அப்ப பஜ்ஜி உங்க தலையில" என்றாள். ஒவ்வொரு குதியையும் பதிகிற அட்டையில் 'தானே இழுத்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் தட்டைச் சுற்றி நின்று ஊதி ஊதித் தின்றார்கள். அவன் ஒன்றை எடுத்து, எண்ணெயைக் காகிதத்தில் ஒற்றி ஒற்றி, கடைசிவரை வாயில் வைக்கவே இல்லை. ஏனென்றால் அவனுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் மணிக்கட்டில் கட்டிய உயரமானி ஆறாயிரத்தைக் காட்டியதும், அதன் கண்ணாடியில் வெயில் பட்டுத் தெறித்ததும்தான். அதற்கு அடுத்தது, அக்குளில் வார் இறுக்க, தலைக்கு மேல் குடை. நடுவில் ஒன்றுமே இல்லை. கத்தரித்து எடுத்த மாதிரி.

கேட்டிருக்கலாம். கேள்வி கேட்டே ஊரைக் கொல்கிற ஆள், மேடம், இழுத்தது நானா நீங்களா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். ஏழு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தான். கேட்டு அவள் நீங்கதான் என்று சொன்னால் நம்ப முடியாது. நான்தான் என்று சொன்னால் நாலாவது குதி செல்லாது, அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, மறுபடி குதித்துக்கொள்ளலாம். ஆனால் அவன் இங்கே வந்தது வானத்தைப் பார்க்கவா? வீட்டில் மலர்க்கொடி கூட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாற்பது தாண்டினா ஆம்பளைங்களுக்கு என்னென்னமோ கிறுக்குப் பிடிக்கும், உங்களுக்கு இது பிடிச்சிருக்கு, பி.எஃப். பணத்தைக் கொண்டுபோய் ஆகாசத்துல கொட்டுங்க, என்றாள். எதுக்கு என்று அவள் ஒருமுறை நிஜமாகவே கேட்டபோது சும்மா என்றான். சும்மாவாம். ஆபத்து வருகிற நேரத்தில் தன் கை நகருமா நகராதா என்று பார்க்க வந்திருக்கிறேன் என்று பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? அந்தக் கையைத்தான் ஆறு வருஷமாக ஊரே கொண்டாடிக்கொண்டிருக்கிறது.

மூவாயிரம் அடி. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வட்டம் போட்டது. கீழே ஏரி, கரும்பு, ஒரு பள்ளிக்கூடத்து நீலத் தகரம். ஏறும்போது பயமில்லை, அதுதான் வேடிக்கை, ஏறுவது இறங்குவதெல்லாம் அவனுக்குப் பழகின சங்கதி. சென்னையில் ஒன்பது மாடிக் குடியிருப்பு, பழைய லிஃப்ட், ஆறு வருஷத்துக்கு முந்திய ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் பூமிநாதன் நின்றுகொண்டிருந்தான். அடியில், லிஃப்ட் குழியில், அவனுடைய உதவி மெக்கானிக் குணாளன் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். பெட்டி அசையவே கூடாத நேரம். அது அசைந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டது என்று பின்னால் விசாரணையில் சொன்னார்கள், யார் தப்பும் இல்லை. பெட்டி கீழே இறங்க ஆரம்பித்தது, பூமிநாதன் காலடியில் ஆறு அங்குலத்தில் சிவப்பு நிறுத்தும் பொத்தான், பெட்டிக்கு அடியில் குணாளன். பெட்டி நின்றபோது குணாளனின் ரெண்டு காலும் நசுங்கியிருந்தன. இன்னும் ஒரு முழம் இறங்கியிருந்தால் ஆளே இல்லை. வந்து பார்த்தவர்கள் கண்டது, சிவப்புப் பொத்தான் அமுங்கிக் கிடந்ததை. அந்தப் பொத்தானை ஒருதரம் அமுக்கினால் திருகி விடுவிக்கும்வரை அமுங்கியேதான் கிடக்கும். பூமிநாதன் அமுக்கியிருக்கிறார், ஆளைக் காப்பாற்றியிருக்கிறார் என்று எழுதிக்கொண்டார்கள். குழியின் அடிமட்டத்தில் பெட்டியைத் தானாகவே நிறுத்துகிற ஸ்விட்ச் ஒன்று உண்டு, அதுவும் அன்றைக்கு வேலை செய்திருக்கிறது. எது முந்தியது என்று யாரும் கேட்கவில்லை. பொத்தான் அமுங்கியிருந்தது, அவ்வளவுதான்; எப்போது அமுங்கியது என்று பொத்தான் சொல்லுமா?

ஆனால் ஒன்று உண்டு, அதைத்தான் அவன் ஆறு வருஷமாகக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். லிஃப்ட் வேலையில் கைக்கு முன்னால் வாய் போகவேண்டும். எந்தப் பொத்தானைத் தொடுவதற்கு முன்னாலும் செய்யப்போவதை உரக்கச் சொல்லவேண்டும். "மேல போறேன்", "கீழ போறேன்", "நிறுத்தறேன்". மேலே நிற்கிறவன் சொல்லி, கீழே நிற்கிறவன் பதில் சொல்லி, அப்புறம்தான் விரல் அசையும். சேர்ந்த புதிதில் திட்டித் திட்டிப் பழக்கியது, பிறகு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. அன்றைக்கும் அவன் "நிறுத்தறேன்" என்று சொன்னான். விரல் ஞாபகம் இல்லை, பொத்தான் குளிர்ந்திருந்ததா சுட்டதா ஞாபகம் இல்லை, ஆனால் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவன் குரல், அவன் காதில், ஒன்பது மாடி உயரத்துக்கும் எதிரொலித்துக்கொண்டு போனது. சொன்னேன் என்றால் செய்திருக்கிறேன். வாய் போனால் கை போயிருக்கும். தூக்கம் வராத போதெல்லாம் இந்தக் குரலைத்தான் எடுத்துக் கேட்டுக்கொள்வான், இருக்கிறதா என்று மடியைத் தடவிப் பார்த்துக்கொள்கிற மாதிரி. இருந்தது. ஆனாலும் ஏன் மறுபடி மறுபடி பார்க்கவேண்டியிருக்கிறது?

"அண்ணாச்சி, இங்க பாருங்க." ஜெசிந்தா அவன் மணிக்கட்டைத் தட்டினாள். ஐயாயிரத்து ஐந்நூறு. "இந்த உயரந்தான். வெளிய ஒருதரம் பார்த்து மனசுல வச்சுக்கோங்க." பார்த்தான். ஏரி ஒரு தட்டளவு ஆகியிருந்தது. அவள் சொல்லாமலேயே அவன் வலது கை பின்னால் போய் இடுப்பில் பிடியைத் தொட்டுத் திரும்பியது. பிசகாமல். தரையில் சக்கரப் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு முந்நூறு தடவை செய்த ஒத்திகை, ஒருதரம் கூடப் பிசகவில்லை. ஒத்திகையில் யாருக்குத்தான் பிசகும்? வீட்டுக் கூடத்தில் கம்பெனி கொடுத்த சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது, 'சமயோசித புத்தியுடன் செயல்பட்டு', என்று தங்க எழுத்தில். ஆயுத பூஜைக்கு மலர்க்கொடி அதற்கும் சந்தனம் வைப்பாள். ஐயோ, அதை எடுத்துத் தொலையேன் என்று வாய் வரை வரும், விழுங்கிவிடுவான். ஒவ்வொரு ஆடியிலும் குணாளன் குடும்பத்தோடு வருவான், தாங்கித் தாங்கி மூன்று மாடி ஏறி வருவான், லிஃப்டில் மட்டும் ஏறமாட்டான். இப்போது கம்பெனி ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலை. அவன் மகள் பூமிநாதனை உயிர் மாமா என்றுதான் கூப்பிடும், யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குதிக்கப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் ஊரே தலையில் அடித்துக்கொண்டபோது குணாளன் ஒருத்தன்தான் பயப்படவில்லை. "என்னையே காப்பாத்தின கை அண்ணே அது. உங்களைக் காப்பாத்தாதா?" என்றான். சிரிக்காமல், சாமி சத்தியமாக நம்பிச் சொன்னான். அன்றைக்குத்தான் பூமிநாதன் பயிற்சிக்குப் பணம் கட்டினான்.

ஏழாயிரம் தாண்டியதும் குளிர ஆரம்பித்தது. ஜெசிந்தா அவன் காதருகே குனிந்து கத்தினாள். இன்றைக்கு ஐந்தாவது. வெளியே வந்து ஐந்து விநாடிதான் பிடித்திருப்பேன், அப்புறம் விட்டுருவேன். முன்னால வந்து நிப்பேன், ஆனா தொடமாட்டேன். நீங்க உருண்டுட்டீங்கன்னா நான் உங்ககிட்ட வர நேரமாகும். அதனால நீங்களேதான் இழுக்கணும். போன தடவை இழுத்த மாதிரியே. கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் கண் ஜன்னலுக்குப் போய்விட்டு வந்தது. "கேள்வி ஏதாவது இருக்கா அண்ணாச்சி?" பூமிநாதன் இல்லை என்று தலையாட்டினான். அவள் முகம் மாறிப்போயிற்று. "ஒண்ணு கூட இல்லையா?" இல்லை. வகுப்பில் சேர்ந்த நாள்முதல் அவன் இல்லை என்று சொல்லி அவள் கேட்டதேயில்லை. விட்டுருவேன் என்கிறாள். பிடித்திருந்தபோதே கை நகரவில்லை என்றால், விட்டபிறகு? உயரத்தைப் பார்த்து விரிக்கும் பெட்டி இருக்கிறது, சரி, அது ஆளைக் காப்பாற்றும், மறுபடி ஒரு எந்திரம் காப்பாற்றும், மறுபடி எல்லோரும் கைதட்டுவார்கள், மறுபடி பஜ்ஜி. அந்தப் பெட்டியும் சதி செய்தால் மலர்க்கொடி சாயங்காலம் போனை எடுத்து யார் பேசறது என்று கேட்பாள். சட்டென்று அவள் குரல் அப்படியே காதில் விழுந்தது, யார் பேசறது, கொஞ்சம் அதட்டலாக. அதை நினைத்ததும் கண்ணில் நீர் முட்டிவிட்டது, காற்றுக்காகக் கண்ணை மூடிக் கட்டியிருந்த கண்ணாடிக்குள் துடைக்கவும் முடியாது. கேட்டுவிடலாம். கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சான்றிதழ், உயிர் மாமா, குணாளன் ஏறி வருகிற மூன்று மாடி, எல்லாம் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. இல்லை, இது வேறு அது வேறு, குதி வேறு லிஃப்ட் வேறு. வேறா? கை ஒன்றுதானே? ஃபேனை நிறுத்தினேனா? கேட்காமலே குதித்துவிடலாம். குதித்து, இழுத்து, இனிமேல் இழுத்ததை வைத்துப் பழையதை மூடிவிடலாம். இழுக்காவிட்டால்? இப்படியே எட்டாயிரம், எட்டாயிரத்து ஐந்நூறு. முள் நிற்காமல் ஏறிக்கொண்டேயிருந்தது.

ஒன்பதாயிரத்தில், அவள் அவன் வாரைக் கடைசியாக இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "மேடம், ஒரு கேள்வி இருக்கு." எஞ்சின் சத்தத்தில் அவள் காதை அருகே கொண்டுவந்தாள். "நாலாவது குதியில பிடியை இழுத்தது யாரு?"

ஜெசிந்தா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ஈ ஆடவில்லை. பிறகு அவன் காதில் வாயை வைத்தாள். "நாந்தான் அண்ணாச்சி."

அப்புறம் அவள் கத்திக் கத்திச் சொன்னதில் பாதியை எஞ்சின் தின்றது, மீதி அவனுக்கு வந்து சேர்ந்தது. அவன் கை பிடிக்கிட்ட போய் அங்கேயே நின்றுவிட்டதாம். தொட்டதா தொடவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லையாம். நாலாயிரத்து ஐந்நூறு என்கிற எல்லை வர இன்னும் நேரம் இருந்தது, அவள் பொறுத்திருக்க வேண்டும். "நான் பொறுக்கலை. பயந்துட்டேன். இழுத்துட்டேன். மாணவர் கையை முந்திக்கிட்டு இழுத்தேன்னு எழுதினா, சேர்ந்து ஆறு மாசத்துல எம்பேரு என்ன ஆவும்? அதான் பஜ்ஜின்னு சொல்லிச் சிரிச்சு மூடிட்டேன். பிடி என் அலமாரியில கெடக்கு." அவளும் அன்றைக்குப் பஜ்ஜி தின்னவில்லை என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. கேட்கலைன்னா இன்னைக்கு என்னை விட்டிருப்பீங்களே மேடம், என்றான், அவ்வளவுதான். அவள் அவன் வாரை இன்னொருதரம் இழுத்துப் பார்த்தாள். "கீழ போயிரலாமா அண்ணாச்சி? இல்ல, நாலாவதையே திரும்பக் குதிப்போம். நான் விடமாட்டேன், பிடிச்சிருப்பேன். ஆனா எல்லை வரைக்கும் கையை நீட்ட மாட்டேன். சத்தியமா." அவன் முள்ளைப் பார்த்தான். பத்தாயிரம். "நாலாவதே குதிக்கலாம். கார்டைத் திருத்திருவீங்களா?" "இறங்கினதும் உங்க கண்ணு முன்னாலயே."

கதவு திறந்ததும் குளிரும் இரைச்சலும் ஒன்றாக உள்ளே பாய்ந்தன, காலைப் படியில் வைத்தான், இறக்கையின் கம்பியைப் பிடித்தான், ஜெசிந்தா அவன் தோளருகே வாரைப் பற்றியிருந்தாள், வெளியே, உள்ளே, வெளியே என்று உடம்பை மூன்றுதரம் அசைத்து விட்டுவிட்டான், வயிறு மேலேயே நின்றுவிட்டது, நெஞ்சை முன்னே தள்ளு, தலையைத் தூக்கு, காலை நீட்டு, அவள் ரெண்டு விரலைக் காட்டுகிறாள், கால், கால், நீட்டினான், ஆட்டம் நின்றது, ஒன்பதாயிரம், இங்கே கேள்வி கேட்க முடியாது, கேட்டாலும் யார் காதிலும் விழாது, கன்னம் காதுவரை இழுக்கிறது, எட்டாயிரம், ஏரி, தகரக் கூரை, ஒருதரம் தொட்டுப் பார், தொட்டான், பிடி இருக்கிறது, திரும்ப முன்னால், ஏழாயிரம், நன்றாகத்தான் போகிறது, நன்றாகத்தான் போகிறது, ஆறாயிரம், உயரமானிக் கண்ணாடியில் வெயில் தெறித்தது. அங்கே வந்தது அது. போன தடவை வந்த அதே வெறுமை. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, வெறும் பேச்சு என்று நினைத்திருந்தான், இதுதான் அது, யாரோ ஒருத்தனுடைய கை காற்றில் விரிந்து கிடப்பதைத் தூரத்தில் இருந்து பார்க்கிற மாதிரி, லிஃப்ட் பெட்டி இறங்கிக்கொண்டிருக்கிறது, அடியில் ஆள் இருக்கிறான், பக்கவாட்டில் ஜெசிந்தாவின் வலது கை தெரிந்தது, முஷ்டியாக மடங்கியிருந்தது, நீளவில்லை, அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள், அவள் கண் அவனைக் கெஞ்சியது, அவன் வாயைத் திறந்தான், "இழுக்கறேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவன் காதிலேயே விழவில்லை. காற்று வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போயிற்று. ஆனால் கை போனது. பின்னால் போனது, பிடியைக் கவ்வியது, உலோகம் உள்ளங்கையில் அழுந்தியது, இழுத்தான், வரமாட்டேன் என்று கம்பி ஒரு நொடி முரண்டு பிடித்தது, குழாய்க்குள் கறகறவென்று உரசியது, பிறகு சட்டென்று இளகி மொத்தமும் கையோடு வந்தது.

குடை விரிந்தது. யாரோ பிடரியைப் பிடித்துத் தூக்கி நிறுத்திய மாதிரி ஒரு குலுக்கல், அப்புறம் நிசப்தம். அப்படி ஒரு நிசப்தம். எங்கோ கீழே ஒரு நாய் குரைப்பது கூடக் கேட்டது. அண்ணாந்து பார்த்தான், குடை சதுரமாக, முழுசாக இருந்தது. கையைப் பார்த்தான், செம்மஞ்சள் பிடி, வாலாகத் தொங்கும் கம்பி. இழுத்துவிட்டேன் என்றான். சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. இழுத்துட்டேன்டா, என்று சத்தம் போட்டான், அதுவும் தெளிவாக விழுந்தது, சிரித்தான், சிரிப்பும் கேட்டது. அந்தச் சிரிப்பு நடுவிலேயே நின்றுபோயிற்று. அவன் அசையாமல் தொங்கினான். விழுந்துகொண்டிருக்கும்போது கத்தினது கேட்கவில்லை. நின்றபிறகு சொன்னதுதான் கேட்கிறது. அந்தப் பழைய லிஃப்ட் ஓடும்போது கூரைமேல் நிற்கிறவனுக்குத் தன் குரல் தனக்கே கேட்காது, சக்கரமும் கம்பியும் போடுகிற கூச்சல் அப்படி. கீழே இருக்கிறவனுக்கு எட்ட வேண்டுமென்று நரம்பு புடைக்கக் கத்துவார்கள். அன்றைக்கு அவன் "நிறுத்தறேன்" என்றது அவன் காதில் விழுந்தது. ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது, ஒன்பது மாடிக்கும் எதிரொலித்தது. எப்படி எதிரொலிக்கும்? பெட்டி ஏற்கனவே நின்றிருந்தால்தான் எதிரொலிக்கும். நின்றிருந்தது. நின்று, குணாளன் அலறி, அலறல் ஓய்ந்து, தூசி மட்டும் இறங்கிக்கொண்டிருந்த அந்த அமைதியில்தான் அவன் சொன்னான், சொல்லிவிட்டுத்தான் விரலை வைத்தான். அதனால்தான் விரலில் ஒன்றுமில்லை. இதோ, இழுத்த கைக்குத் தெரிகிறது, கம்பி முரண்டியது தெரிகிறது, உலோகத்தின் விளிம்பு தெரிகிறது, சாகும்வரை தெரியும். ஆறு வருஷமாக மடியில் முடிந்து வைத்திருந்த சாட்சி அவனுக்கு எதிரான சாட்சியாக இருந்திருக்கிறது. காதில் கட்டிய ரேடியோவில் யாரோ இடது பக்கம் திரும்புங்க அண்ணா, இடது, இடது என்றார்கள். திரும்பினான். குடை அவனை ஏரிப் பக்கமிருந்து வயலுக்குக் கொண்டுவந்தது. வழி முழுக்க அழுதுகொண்டுதான் வந்தான், வெட்கமில்லாமல், வாய்விட்டு.

இறங்கியதும் முழங்காலில் விழுந்து எழுந்தான். குடை மடிக்கிற தங்கதுரை ஓடி வந்து, "அண்ணே, கையில பிடி இருக்கே! இன்னைக்குப் பஜ்ஜி போச்சா!" என்று அலுத்துக்கொண்டான். ஜெசிந்தா கொஞ்சம் தள்ளி இறங்கி, குடையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நேரே மேஜைக்குப் போனாள். அட்டையில் நாலாவது வரியை அடித்தாள், 'பயிற்சியாளர் இழுத்தார்' என்று எழுதினாள், அதன் கீழே இன்றைய தேதியைப் போட்டுப் புதிதாக எழுதினாள், இந்தத் தடவை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். சந்தோஷமா அண்ணாச்சி என்று கேட்க வந்தவள் அவன் கண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விலகிக்கொண்டாள். பூமிநாதன் தன் பையிலிருந்து போனை எடுத்தான். இடது கையால்தான் எடுக்க முடிந்தது. வலது கை பிடியை விடவில்லை, விரலைப் பிரிக்கத் தோன்றவும் இல்லை.

"சொல்லுங்கண்ணே! குதிச்சிட்டீங்களா?" குணாளனின் குரலுக்குப் பின்னால் ஸ்டோரின் சத்தம், யாரோ பேரிங் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "கை காப்பாத்துச்சா?"

"காப்பாத்துச்சு குணாளா. நானே இழுத்தேன்." "அதுக்காகத்தான் கூப்பிடுறேன். அன்னைக்கு லிஃப்டை நான் நிறுத்தலைடா. அது தானா நின்னுச்சு. நின்னதுக்கப்புறந்தான் நான் பொத்தானை அமுக்கினேன்."

பேரிங் கேட்டவரிடம் குணாளன், கொஞ்சம் இருங்க, என்பது கேட்டது.

"உங்களுக்கு எப்ப தெரியும்ணே?"

இன்னைக்குத்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. அது பொய்யும் இல்லை. பூமிநாதன் உள்ளங்கையில் பிடியை இன்னும் இறுக்கினான்.

"ஆறு வருஷமாத் தெரியும்" என்றான்.

குணாளன் போனை வைக்கவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம் வந்தது, அவன் எழுந்து வெளியே நடப்பது கேட்டது, ஒரு காலை அழுத்தி, ஒரு காலை இழுத்து. கதவு சாத்தும் சத்தம். ஸ்டோரின் சந்தடி அடங்கிப்போயிற்று.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றான் குணாளன்.